கடையின் டொமைனை மாற்றுவதா, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவதா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒருவர், குற்றாலத்தில் விடுதி நடத்தும் ஒருவர், நெல்லை டவுனில் அல்வாக் கடையைப் பாகம் பிரித்துக்கொண்ட சகோதரர்களில் இளையவர். மூவரிடமிருந்தும் வந்திருப்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: இணையதளத்தின் பெயரை, அதாவது டொமைனை, மாற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் கூகுளில் இன்று கிடைக்கும் இடம் கைவிட்டுப் போகக் கூடாது, என்ன செய்யலாம்?

பாய்க்காரர் இதுநாள்வரை இலவச பிளாக்ஸ்பாட் முகவரியில் எழுதி வந்தவர். இப்போது சொந்தப் பெயர் வேண்டும் என்கிறார். விடுதிக்காரரின் டொமைனில் ‘நெல்லை’ இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு அந்தச் சொல் அவருக்கு உறுத்துகிறது. அல்வாக்காரத் தம்பிக்குப் பழைய பெயரே கையில் இல்லை. அது அண்ணன் பங்குக்குப் போய்விட்டது.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. எடுத்த எடுப்பில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: பெயரை மாற்றாமல் காரியம் ஆகுமென்றால் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பெயரை ஒருபோதும் கைவிடாதீர்கள். இந்தச் சாய்வு யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கூகுள் உங்கள் கடையைப் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியைத்தான் வைத்திருக்கிறது. யாரோ ஒரு பயண எழுத்தாளர் உங்கள் விடுதியைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுத்திருந்தால் அந்த மதிப்பு அந்தக் குறிப்பிட்ட முகவரிக்குச் சேர்ந்திருக்கிறது. முகவரி மாறினால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்ப 301 என்ற நிரந்தர ரீடைரெக்ட் வேண்டும். வாய்க்காலில் மடையைத் திருப்புவது மாதிரிதான் இது: தண்ணீர் புதிய வயலுக்குப் பாயும், ஆனால் அந்த மடை உங்கள் வசம் இருக்கும்வரைதான். இப்படித் திருப்புவதால் பக்கத்தின் மதிப்பில் கசிவு எதுவும் இல்லை என்று கூகுளின் கேரி இல்யஸ் 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஆகவே ரீடைரெக்ட் செய்தாலே தரவரிசை விழும் என்ற பயம் பழைய காலத்தது. ரீடைரெக்டை அரைகுறையாகச் செய்வதால்தான் விழுகிறது.

இதிலிருந்து முதல் அளவுகோல் வருகிறது: பழைய பெயர் யார் கையில் இருக்கிறது? நம் பக்கத்தில் கடைக்காரர்கள் பலரின் டொமைன், தளத்தைச் செய்து கொடுத்த பையனின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிறகுதான் அது தெரியவருகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் டொமைன் கணக்கு, தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் ஆகிய மூன்றும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது அளவுகோல், வருபவர் எதைத் தட்டி வருகிறார் என்பது. சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதத் தேடல் விவரம் கிடைக்கும். அதைத் திறந்தால், கடையின் பெயரைத் தேடி வருபவர் எத்தனை பேர், ‘குற்றாலம் ரூம்’, ‘கல்யாணப் பாய்’ என்று பொதுவாகத் தேடி வருபவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்கலாம். பெயரைத் தேடி வருபவர்கள் எப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பொதுச்சொல்லைத் தேடி வருபவர்கள்தான் கைநழுவக் கூடியவர்கள். அவர்கள் மிகுதியாக இருந்தால் துணிச்சலான மாற்றம் வேண்டாம். மாற்றத்திற்கு முன் அந்த விவரத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 16 மாதம் தாண்டினால் பழையது மறைந்துகொண்டே போகும், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

மீதி அளவுகோல்களை நீட்ட வேண்டியதில்லை. செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? ஆண்டுதோறும் தொடரும் செலவு என்ன? கூகுளுக்கு வெளியே எங்கெல்லாம் பழைய பெயர் அச்சாகியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு அல்வாப் பெட்டி, துணிப்பை, பில் புத்தகம், ஜங்ஷனில் நிற்கும் போர்டு, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, கூகுள் மேப்பில் உள்ள கடைக் குறிப்பு என்று ஒரு பட்டியலே போட வேண்டியிருக்கும்.

## வழி 1: பெயர் அப்படியே, உள்ளடக்கம் மட்டும் மாற்றம்

குற்றாலத்து விடுதிக்காரருக்கு நான் சொல்வது இதுதான். மாவட்டம் பிரிந்ததால் மாற வேண்டியது பக்கங்களில் உள்ள தகவல், டொமைன் அல்ல. முகவரிப் பகுதியில் ‘தென்காசி மாவட்டம்’ என்று திருத்தட்டும். அதோடு ‘திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கு வரும் வழி’ என்ற பக்கத்தை அழிக்காமல் வைத்திருக்கட்டும். வருபவர்களில் பலர் நெல்லை ஜங்ஷனில் இறங்கித்தான் வருகிறார்கள், அவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். எல்லையை அரசு மாற்றிவிடலாம், மக்கள் தேடும் சொல் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பெயர் மாற்றத்தில் அவசரம் கூடாது என்பதற்கு நம் அரசே ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வந்தது. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் யாராவது புதிய எழுத்துக்கூட்டலில் டொமைன் வாங்கி பெட்டியெல்லாம் அச்சடித்திருந்தால் அவர் கதி என்ன என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இந்த வழியின் பலம், முகவரி மாறாததால் இழக்க ஒன்றுமில்லை என்பது. பிழையென்று தெரிந்தால் பழைய வாசகத்தை மறுநாளே திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக ஓடும் பக்கத்தின் தலைப்பையும் முதல் பத்திகளையும் அழகுக்காக மாற்றினால், எந்தச் சொல்லுக்காக அது மேலே வந்ததோ அந்தச் சொல்லே காணாமல் போய்விடக் கூடும். தலைப்பில் இருந்த ‘குற்றாலம் குடும்ப விடுதி’ என்பதை எடுத்துவிட்டு ‘சாரலில் ஒரு கவிதை’ என்று போடுவது கேட்க நன்றாக இருக்கும், தேடுபவர் யாரும் அதைத் தட்டப் போவதில்லை. அதிக வருகை உள்ள பக்கங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றில் தகவலை மட்டும் திருத்துங்கள். நடையில் கைவைக்க ஆசை இருந்தால் வருகையில்லாத பக்கங்களில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் ‘குற்றாலம் சீசன் 2023’, ‘குற்றாலம் சீசன் 2024’ என்று புதுப்புதுப் பக்கம் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சேர்த்த மதிப்பை ஆண்டுக்கு ஒருமுறை தூக்கிப்போடுகிற வேலை அது. ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீசனுக்கும் உள்ளே இருப்பதைப் புதுப்பிப்பதே மேல். ஏற்கெனவே நாலைந்து பக்கங்கள் இருந்தால் நல்லதில் மற்றவற்றைச் சேர்த்து, மற்ற முகவரிகளை அதற்கு ரீடைரெக்ட் செய்துவிடலாம். தேதியை மட்டும் மாற்றிப் ‘புதியது’ போலக் காட்டுவதால் பயன் இல்லை.

இன்னொரு குழுவுக்கும் இந்த வழி பொன் போன்றது. யூனிகோடு பரவுவதற்கு முன் தஸ்கி, டாப், டாம் போன்ற குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பக்கங்கள் இன்னும் சில பழைய தளங்களில் கிடக்கின்றன. எழுத்துருவை வைத்துப் பார்க்கும் நம் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது வெறும் குறிகளின் குவியல். அதே முகவரியில் வைத்தபடி யூனிகோடுக்கு மாற்றினால், இதுவரை இல்லாத வருகை புதிதாகக் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான்: உங்களுக்குப் பிடிக்காத பெயரோடு நீங்கள் வாழ வேண்டும். அதை மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிட முடியாத இடங்களும் உண்டு. தொழிலே மாறிவிட்டது, பங்குதாரர் பிரிந்துவிட்டார், இன்னொருவரின் வணிகக்குறியோடு மோதுகிறது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## வழி 2: அதே பெயர், உள்முகவரிகள் மட்டும் மாற்றம்

பழைய தளத்தை எடுத்துவிட்டு வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை போன்ற தளம் கட்டும் மேடைகளுக்குப் போகும்போது இது தானாக வந்து சேர்கிறது. டொமைன் மாறவில்லையே என்ற நிம்மதியில் பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். தேடுபொறியைப் பொறுத்தவரை முகவரியின் வால் மாறினாலும் அது வேறு பக்கம்.

வேலை கடினமானதல்ல, பொறுமை வேண்டியது. ஒரு விரிதாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு நேரான புதிய முகவரி என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நேரான பக்கம் இல்லாதவற்றுக்குப் ‘பக்கம் இல்லை’ என்ற 404 காட்டுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவோம் என்று ஹோஸ்டிங்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பாய் விலையைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் கூகுள் அதைப் ‘பக்கம் இல்லை’ என்பதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளக் கூடும்; பழைய பக்கத்தின் மதிப்பு எங்கும் போய்ச் சேராது.

ஒரு திருப்பத்திலிருந்து இன்னொரு திருப்பம், அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலி நீள்வதும் கெடுதல். பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரலான ஊர்வி பத்துத் தாவல்வரை பின்தொடரும், ஆனால் மூன்றுக்குள் நிறுத்துவதே நல்லது. மூன்றாம் முறையாகத் தளத்தை மாற்றுகிறவர்கள், முதல் காலத்து முகவரிகளையும் நேரே இன்றைய முகவரிக்குத் திருப்ப வேண்டும்.

மறைசெலவு மேடையில் இருக்கிறது. ஷாப்பிஃபை போன்ற மேடைகள் பொருள் பக்கங்களுக்கு ஒரு குறிப்பிட்ட முன்னொட்டைக் கட்டாயமாக்குகின்றன. உங்கள் பழைய முகவரியை அப்படியே வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தாலும் முடியாது. வேர்ட்பிரஸில் முகவரி அமைப்பை நீங்களே வகுக்கலாம் என்பதால் பழைய முகவரிகளையே தக்கவைத்துக்கொண்டு இடம் பெயர முடியும். மேடையைத் தேர்ந்தெடுக்கும்போது வடிவமைப்பின் அழகுக்கு முன் இதைக் கேளுங்கள். படங்களையும் மறக்க வேண்டாம். அல்வா, பாய் போன்றவற்றைப் படத்தேடல் வழியாகத் தேடி வருபவர்கள் உண்டு, படக்கோப்புகளின் முகவரிக்கும் ரீடைரெக்ட் வேண்டும்.

தமிழில் உள்ள முகவரிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். திருநெல்வேலி என்ற சொல்லை முகவரியில் வைத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக 108 எழுத்துக்கு நீளும். பன்னிரண்டு யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது எழுத்து. நெல்லையப்பர் புண்ணியத்தில் எண்ணிக்கையாவது மங்கலமாக அமைந்தது. பார்க்க அசிங்கமாக இருப்பது உண்மை, ஆனால் கூகுளுக்கு அதைப் படிப்பதில் சிரமமே இல்லை. நன்றாக ஓடும் பக்கங்களின் முகவரியை இதற்காக மாற்றுவது வீண்வேலை. இனி எழுதும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் சிறிதாக வைத்துக்கொண்டால் போதும்.

## வழி 3: புதுப் பெயருக்கு முழுக் குடிபெயர்வு

பத்தமடைக்காரருக்கு இதுவே சரியான வழி. அவருக்கு அது மற்றவர்களைவிட எளிதாகவும் அமைகிறது. பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் பிளாக்கரின் அமைப்புகளில் சொந்த டொமைனை இணைத்துவிட்டால், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை அதுவே பக்கம் பக்கமாகப் புதிய டொமைனுக்கு அனுப்பிவிடும். முன்னால் வரும் பெயர் மட்டுமே மாறும், பின்னால் உள்ள ஆண்டு, மாதம், தலைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். இதோடு தளத்தையே வேர்ட்பிரஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். மாற்றலாம், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். முதலில் பெயர். அது நிலைபெற்ற பிறகு அதே பெயருக்குள், அதே ஆண்டு மாத அமைப்பையும் கடைசியில் வரும் எச்டிஎம்எல் வாலையும் வைத்துக்கொண்டு வேர்ட்பிரஸ். இரண்டையும் சேர்த்துச் செய்து வருகை குறைந்தால், குறைந்தது பெயராலா, வடிவமைப்பாலா, விடுபட்ட பக்கங்களாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய வலைப்பதிவை மட்டும் அழித்துவிடக் கூடாது, அதோடு திருப்பலும் போய்விடும்.

எல்லா இலவச முகவரிகளும் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. கூகுள் பிசினஸ் புரொபைல் வழியாகக் கடைக்காரர்கள் இலவசமாக உருவாக்கிய சிறு தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடியது. அந்த முகவரிகள் அந்த ஆண்டு ஜூன் 10 வரை கடையின் மேப் குறிப்புக்குத் திருப்பிவிடப்பட்டன. அதன் பிறகு அந்தத் திருப்பலும் இல்லை. பெட்டியில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் அச்சடித்ததுதான். சர்வர் பக்கம் 301 போட முடியாத இலவச மேடையில் சிக்கியிருப்பவர்கள், பக்கத்தின் தலைப்பகுதியில், வருபவரை அப்போதே வேறு முகவரிக்கு அனுப்பும் உடனடி மெட்டா ரெஃப்ரெஷ் போட்டுப் பார்க்கலாம். கூகுள் அதை நிரந்தரத் திருப்பலாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கும் இடமில்லையென்றால், மூலப் பக்கம் எது என்று கூகுளுக்குக் காட்டும் கேனானிக்கல் குறி. அது ஒரு பரிந்துரை மட்டுமே, கூகுள் கேட்டுக்கொள்ளவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம்.

சொந்த டொமைனிலிருந்து இன்னொரு சொந்த டொமைனுக்குப் போகிறவர்களுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரான 301, புதிய தளத்தின் உள் இணைப்புகள் எல்லாம் புதிய பெயரிலேயே இருத்தல், புதிய சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்), பிறகு சர்ச் கன்சோலில் ‘முகவரி மாற்றம்’ என்ற கருவி. இந்தக் கருவியைப் பயன்படுத்த பழையதும் புதியதும் ஒரே கணக்கில் உரிமை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவித்த பிறகு 180 நாள் கூகுள் இந்த மாற்றத்துக்குக் கூடுதல் கவனம் கொடுக்கும். டொமைன் மாறும்போது மட்டுமே இது தேவை. உள்முகவரி மாற்றத்துக்கோ, பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவதற்கோ வேண்டியதில்லை.

ரீடைரெக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் அதோடு நிறுத்த மாட்டேன். கடை நடக்கும்வரை பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் ஆகும் செலவு அது. மிச்சப்படுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? காலாவதியான பெயரை யாரோ வாங்குவார்கள். பழைய பெயருக்கு இருந்த நல்ல மதிப்பை வைத்துச் சூதாட்டத் தளம் நடத்துவார்கள். இந்தத் தந்திரத்தைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்தது என்றால் அது எவ்வளவு பரவியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பையில் அச்சான முகவரியைத் தட்டுகிற வாடிக்கையாளர் ரம்மி விளையாட்டில் போய் நிற்பார். அதைவிட மோசம் மின்னஞ்சல். பழைய டொமைனில் இருந்த மின்னஞ்சலை வங்கிக்கும் ஜிஎஸ்டிக்கும் கொடுத்திருந்தால், பெயரை வாங்கியவருக்கு அந்த அஞ்சல்கள் போகும், கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் உட்பட.

டொமைன் விற்பவர்கள் தரும் இலவச ‘ஃபார்வர்டிங்’ வசதியிலும் ஓட்டை உண்டு. சிலவற்றில் முகப்புப் பக்கம் மட்டுமே திரும்பும், உள்பக்கங்கள் எல்லாம் தொங்கிப்போகும். சிலவற்றில் பழைய பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்காது. எச்டிடிபிஎஸ் முகவரியில் வருபவருக்குத் திருப்பத்துக்குப் பதில் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்ற சிவப்பு எச்சரிக்கைதான் கிடைக்கும். முகவரியை மறைத்துக் காட்டும் ‘மாஸ்கிங்’ வேண்டவே வேண்டாம். பழைய பெயரையும் உங்கள் ஹோஸ்டிங்கிலேயே வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழோடு, நீங்களே 301 போடுவதுதான் நிம்மதி.

குடிபெயர்ந்த பதற்றத்தில் செய்யப்படும் இரண்டு காரியங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒன்று, பழைய தளம் தேடலில் வரக் கூடாதென்று தேடுபொறிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அதைத் தடுப்பது. ஊர்வி உள்ளே வரவே முடியாவிட்டால் திருப்பம் இருப்பதே அதற்குத் தெரியாது. மற்றொன்று, சர்ச் கன்சோலின் நீக்கல் கருவியில் பழைய முகவரிகளைப் போடுவது. அவை தாமாகவே புதிய முகவரிகளாக மாறும். சில வாரங்கள் பொறுத்தால் போதும்.

பழைய பெயரைச் சொல்லித் தேடுகிறவர்களுக்காகப் புதிய தளத்தில் ‘முன்பு இன்ன பெயரில் இயங்கியது’ என்ற ஒரு வரியைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

## வழி 4: பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது

பழைய பெயர் கையில் இல்லாதவருக்கு வேறு வழியில்லை. அல்வாக்காரத் தம்பியின் நிலை அதுதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வாணலி, தராசு, கடை முன்பணம் எல்லாம் வரிசையாக எழுதுகிறார்கள்; டொமைன், கூகுள் மேப் குறிப்பு, வாட்ஸ்அப் எண் ஆகிய மூன்றையும் எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. இனிமேல் பிரிகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டது, பழைய தளத்தில் இருந்ததை அப்படியே நகலெடுத்துப் புதிய பெயரில் போடலாமா என்று. வேண்டாம். ஒரே வாசகம் இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றைத்தான் மூலமாக எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். புதிதாக எழுத வேண்டும், புதிதாகப் படம் எடுக்க வேண்டும். அண்ணனோடு பேச்சுவார்த்தை இருக்கிறதென்றால், ‘தம்பி இப்போது இந்தக் கடையில்’ என்று பழைய தளத்திலிருந்து ஓர் இணைப்பைக் கேட்டு வாங்குவது பல மாத உழைப்புக்குச் சமம். கேட்கக் கூச்சமாக இருந்தால் பெரியவர்கள் யாரையாவது வைத்துக் கேட்கலாம்.

டவுனில் வந்து வாங்கும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை தளத்தைவிட மேப் குறிப்புக்கே பலம் அதிகம் என்பது என் கணிப்பு. புதிய கடைக்குப் புதிய குறிப்பு, உண்மையான வாடிக்கையாளர்களின் மதிப்புரை, சரியான நேரம், தெளிவான படங்கள் என்று முதலில் அதில் உழைப்பைப் போடட்டும். பார்சலில் வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம்தான் தளத்தைச் சார்ந்திருக்கிறது. அது வளர மாதங்கள் ஆகும்.

பழைய பெயர் கையில் இருந்தும் இந்த வழியே நல்லது என்ற நிலை ஒன்று உண்டு. தளம் ஹேக் செய்யப்பட்டு ஸ்பேம் பக்கங்கள் குவிந்து, சர்ச் கன்சோலில் ‘கைமுறை நடவடிக்கை’ என்று கூகுளின் தண்டனை பதிவாகியிருந்தால், ரீடைரெக்ட் வழியாக அந்த அழுக்கும் கூடவே வரக் கூடும். முதலில் சுத்தம் செய்து மறுஆய்வு கேளுங்கள், அதுவும் நடக்காவிட்டால் புதிய பெயர்.

பழையதையும் புதியதையும் இரண்டுமாக ஓட்டுவோமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே கடைக்கு இரண்டு தளம் என்றால் அவை ஒன்றோடொன்றுதான் போட்டியிடும். சில்லறைக் கடையும் மொத்த வியாபாரமும் போல வாடிக்கையாளரே வேறு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உள்ளடக்கம் மட்டும் | உள்முகவரி மாற்றம் | புதுப் பெயருக்குக் குடிபெயர்வு | புதிய தொடக்கம் |
|---|---|---|---|---|
| தேடல் இடத்துக்கு ஆபத்து | குறைவு | நடுத்தரம். விடுபடும் பக்கங்களைப் பொறுத்தது | நடுத்தரம் முதல் அதிகம் வரை | இருந்ததெல்லாம் போகும் |
| நிலைபெறும் காலம் | நாள்கள், வாரங்கள் | சில வாரங்கள் | சிறு தளத்துக்குச் சில வாரங்கள், பெரியதற்கு மாதங்கள் | மாதங்கள் |
| தொடர்ச் செலவு | இல்லை | ரீடைரெக்ட் பட்டியலைப் பேணுதல் | பழைய டொமைன், சான்றிதழ், மின்னஞ்சல் | புதிய எழுத்து, புதிய படம் |
| திரும்ப முடியுமா | உடனே | முடியும், வேலை உண்டு | கடினம் | கேள்வியே இல்லை |
| அச்சுப் பொருள் | மாறாது | பெரும்பாலும் மாறாது | எல்லாம் மாறும் | எல்லாம் மாறும் |
| யாருக்கு | தகவல் பழசாகிவிட்டவர்களுக்கு | மேடை மாறுகிறவர்களுக்கு | இலவச முகவரியில் இருப்பவர்களுக்கு, தொழிலின் பெயரே மாறியவர்களுக்கு | பழைய பெயர் கையில் இல்லாதவர்களுக்கு |

## புதுப் பெயரே வேண்டுமென்றால் எந்தப் பெயர்

‘திருநெல்வேலி அல்வா’ என்ற சொற்கள் டொமைனில் இருந்தால் தேடலில் முதலில் வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் வலுவாக இருக்கிறது. தேடுசொல்லையே பெயராக வைத்த தரம் குறைந்த தளங்களைக் கீழே தள்ள 2012 செப்டம்பரிலேயே கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்துவிட்டது. அந்த நம்பிக்கைக்காக ஒரு டொமைன் மாற்றத்தின் தலைவலியை இழுத்துக்கொள்வது வீண். எல்லாரும் ஒரே சொற்களைத் திருப்பித் திருப்பிப் போட்டால் எந்தக் கடை எது என்பதும் வாங்குபவருக்கு நினைவில் நிற்காது.

.இன் என்று முடியும் பெயரை இந்தியாவுக்கானது என்று கூகுள் எடுத்துக்கொள்கிறது. உள்நாட்டு வியாபாரத்துக்கு அது நல்லதே. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புகிறவர்கள் .காமில் இருப்பது மேல். ஏற்கெனவே .காம் இருக்க, நாட்டுப்பற்றினால் .இன்னுக்குப் போவதில் தேடலுக்கு லாபம் எதுவும் இல்லை. .இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு நடத்தும் .இந்தியா என்ற தமிழ் முடிவிலும் பெயர் பதியலாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கிலக் குறியாக மாறிக் காட்சியளிக்கும். முதன்மைப் பெயராக வைக்காமல், வாங்கி ரீடைரெக்ட் செய்து வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

## எந்த மாதத்தில்

வருகை குறைந்த காலத்தில் மாற்ற வேண்டும். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். அங்கே பெரிய மாற்றத்துக்கு மாசி, பங்குனிதான் தோது. அல்வாக்காரர்கள் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் எதையும் தொடக் கூடாது. மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் பத்தமடைப் பாய்க்கு முகூர்த்த மாதங்கள்தான் சீசன். புரட்டாசியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு வாரம் ஒருமுறை சர்ச் கன்சோலில் பழைய டொமைன், புதிய டொமைன் இரண்டின் பக்க எண்ணிக்கையையும் அருகருகே பாருங்கள். பழையது குறையக் குறையப் புதியது ஏற வேண்டும். வருகையில் ஏற்ற இறக்கம் சில வாரங்கள் இருக்கத்தான் செய்யும், அதற்காக எதையும் திருப்பி மாற்ற வேண்டாம். இரண்டும் சேர்ந்து இறங்கினால் மட்டும் உடனே தேடத் தொடங்குங்கள். வேர்ட்பிரஸ் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம், அமைப்புகளில் வாசிப்புப் பகுதியில் தேடுபொறிகளை வரவிடாமல் தடுக்கும் அந்தச் சிறு கட்டம். தளத்தைக் கட்டும்போது டிக் செய்திருப்பார்கள், திறந்த பிறகு எடுக்க மறந்திருப்பார்கள்.